கரண்ட் போனால் சுவிட்சின் சான்றிதழ் காலாவதி ஆகுமா?

2023 மே 16, இரவு: கேள்வி

அண்ணா, தென்னாப்பிரிக்காவில், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு மரக்கடையின் நெட்வொர்க்கை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒரே ஒரு 24 போர்ட் சுவிட்ச், கம்ப்யூட்டர்களைக் கேபிளால் இணைக்கிற பெட்டி. அதன் நிர்வாகப் பக்கத்துக்குப் போன வாரம் புதிதாகச் சான்றிதழ் (இது நிஜமான பக்கம்தான் என்று பிரவுசருக்குக் காட்டும் அடையாளம்) உண்டாக்கினேன், ஒரு வருடத்துக்கு. நேற்று லோட் ஷெட்டிங் (முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது) முடிந்து கரண்ட் வந்ததும் பக்கத்தைத் திறந்தால், சான்றிதழ் காலாவதி என்று பிரவுசர் சிவப்பு காட்டுகிறது. ஒரு வாரத்தில் எப்படிக் காலாவதி ஆகும்? கரண்ட் போனால் சான்றிதழ் கெட்டுப்போகுமா?

2023 மே 16, பத்து நிமிஷம் கழித்து: பதில்

கெடும். ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் ஒரு மசாலா கிடங்கில் 11 சுவிட்ச் வைத்திருக்கிறேன், எல்லாவற்றிலும் இதே கதைதான். உள்ளே பேட்டரி கிடையாது. கரண்ட் போய் வந்தால் கடிகாரம் 2000 ஜனவரி 1-க்குப் போய்விடும். தேதி தப்பென்றால் சான்றிதழும் தப்பாகத்தான் தெரியும். தேதியைச் சரி செய், போதும்.

2023 மே 17, காலை

நேற்று எழுதியது தப்பு. தூக்கக் கலக்கத்தில் வாத்தியார் வேலை பார்க்கக் கூடாது.

யோசித்துப் பார். நீ பிரவுசரில் பக்கத்தைத் திறக்கும்போது சான்றிதழைச் சோதிப்பது யார்? உன் லேப்டாப். அது பார்ப்பது தன்னுடைய கடிகாரத்தை. சுவிட்ச் தன்னை 2000-ஆம் ஆண்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாலும் பிரவுசருக்குக் கவலையில்லை; சான்றிதழ் தாளை நீட்டினால் அதில் எழுதியிருக்கிற இரண்டு தேதிகளைத்தான் படிக்கும். போன வாரம் உண்டாக்கிய தாளையே நீட்டியிருந்தால் சிவப்பு வந்திருக்கவே கூடாது.

அப்படியானால் சுவிட்ச் வேறு ஏதோ தாளை நீட்டுகிறது. சிவப்புப் பக்கத்தில் சான்றிதழ் விவரத்தைத் திறந்து இரண்டு தேதியையும் அப்படியே எழுதி அனுப்பு.

2023 மே 17, மதியம்

'காலாவதி' என்று மட்டும் திரும்பச் சொல்லாதே தம்பி. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை?

2023 மே 19

வந்துவிட்டது. 2000 ஜனவரி 1-லிருந்து 2000 டிசம்பர் 31 வரை.

இந்த இரண்டு தேதியே போதும். சரியாக 365 நாள், ஆனால் டிசம்பர் 31-லேயே முடிகிறது, ஏனென்றால் 2000 லீப் வருடம். யாரும் கையால் போட்ட தேதி இல்லை. சுவிட்ச் கண்ணை விழித்தது, தனக்குச் சான்றிதழ் எதுவும் இல்லை என்று பார்த்தது, உடனே தானே ஒன்றைத் தயாரித்துத் தானே கையெழுத்துப் போட்டுக்கொண்டது. அப்போது அதன் கடிகாரத்தில் 2000 ஜனவரி 1. பிறக்கும்போதே 22 வருடம் காலாவதியான தாள்.

அப்புறம் உன் போன வாரத்துச் சான்றிதழ் எங்கே போனது? நீ உண்டாக்கினாய், வேலை செய்வதைப் பார்த்தாய், சேமிக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பு வேறு, மறுபடி எழும்போது படிக்கிற அமைப்பு வேறு. ரன்னிங்கை ஸ்டார்ட்டப்பில் காப்பி செய்யாதவரை எல்லாம் நீர் மேல் எழுத்து. என் முதல் பதிலில் கடிகாரம் என்றது முழுக்கப் பொய்யில்லை. ஆனால் முதல் குற்றவாளி சேமிக்காத கை.

இப்போது செய்ய வேண்டியது: தேதியைச் சரி செய், சான்றிதழை மறுபடி உண்டாக்கு, சேமி. இந்த வரிசையில்தான். தேதிக்கு முன்னால் சான்றிதழை உண்டாக்கினால் மறுபடி 2000 தான்.

2023 மே 28

தம்பியின் சுவிட்ச் சரியாகிவிட்டது, ஆனால் கடிகாரம் இன்னும் ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் 2000-க்குத் திரும்புகிறதாம். என்டிபி (நெட்வொர்க் வழியாக நேரம் கேட்டு வாங்கும் முறை) போட்டும் பிடிக்கவில்லை என்கிறான். இதில் நான் பட்டது கொஞ்சநஞ்சமில்லை, அதனால் நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் கிடங்கில் இந்த மாதம் லோட் ஷெட்டிங் ஸ்டேஜ் 6; எண் ஏற ஏறக் கட்டும் கூடும். இரண்டு மணி நேரம் போகும், வரும், மறுபடி போகும். யுபிஎஸ் இருக்கிறது, ஆனால் அதற்குள் இருப்பது ஈயப் பேட்டரி. அது முழுதாக ஏறவே அரை நாள் வேண்டும். ஏறுவதற்குள் அடுத்த கட்டு வந்துவிடும். பாதி வயிற்றோடு ஓடி ஓடி ஒரே வருடத்தில் பேட்டரி செத்துவிட்டது. ஆக யுபிஎஸ் என்று ரேக்கில் அமர்ந்திருப்பது இப்போது பச்சை விளக்கு எரியும் ஒரு செங்கல்.

கரண்ட் வந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் எழுகின்றன. சுவிட்ச் இரண்டு நிமிஷத்தில் எழுந்து நேரம் கேட்கிறது. யாரைக் கேட்கிறது? என்டிபி சர்வரின் பெயரைச் சொல்லிக் கேட்கிறது. பெயரை ஐபி, அதாவது எண் முகவரி, ஆக்க டிஎன்எஸ் என்கிற முகவரிப் புத்தகம் வேண்டும். டிஎன்எஸ் ரௌட்டரில். ரௌட்டர் ஃபைபர் பெட்டிக்காகக் காத்திருக்கிறது. ஃபைபர் பெட்டி எழ நாலைந்து நிமிஷம், சில நாள் தெருவில் உள்ள கம்பெனிப் பெட்டிக்கே கரண்ட் இல்லை. பதில் வராததும் எங்களுடைய சில சுவிட்சுகள் ஒரே முறை கேட்டுவிட்டு விட்டுவிடுகின்றன. மறுபடி கேட்பது மறுநாள். கோபித்துக்கொண்ட மாமியார் மாதிரி.

முதல் மருந்து: சர்வரைப் பெயரால் கொடுக்காதே, ஐபியால் கொடு. கிடங்குக்குள்ளேயே ஒரு நேர சர்வர் இருந்தால் இன்னும் நல்லது.

2023 ஜூன் 3

'கிடங்குக்குள்ளேயே நேர சர்வர் என்றால் அதன் கடிகாரத்துக்கு யார் நேரம் சொல்வார்கள்?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. நானும் முதலில் ஒரு ராஸ்பெர்ரி பை 4, உள்ளங்கை அளவுக் குட்டிக் கம்ப்யூட்டர், வைத்து ஏமாந்தேன். அதற்கும் உள்ளே கடிகாரப் பேட்டரி இல்லை. கரண்ட் போனால் அதுவும் கடைசியாக எங்கேயோ எழுதி வைத்த நேரத்திலிருந்து எழும். குருடனுக்குக் குருடன் கோல் பிடித்த கதை.

அப்புறம் டிஎஸ்3231 என்கிற சின்னக் கடிகாரச் சில்லு ஒன்றை வாங்கி அந்தப் பையின் தலையில் செருகினேன். முதுகில் ஒரு பட்டன் பேட்டரி, சிஆர்2032, காரின் ரிமோட்டில் இருக்கிற அதே ஐட்டம். வெப்பநிலைக்கு ஏற்றபடி தன்னைத் திருத்திக்கொள்ளும். பிழை பத்து லட்சத்தில் 2 பங்கு, அதாவது வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிஷம். இன்டர்நெட் ஒரு வாரம் வராவிட்டாலும் 11 சுவிட்சுக்கும் நேரம் சொல்லும். விலை ஒரு பன்னி சௌவுக்கு (ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பித் தருகிற நம் ஊர்ச் சாப்பாடு) மேல் போகாது. நான் சொல்வது முழு பன்னி, கால் இல்லை.

ஒரு எச்சரிக்கை. ராஸ்பெர்ரி பையில் ஓடுவது பழைய என்டிபிடி (நேரத்தைச் சரி செய்யும் நிரல்) என்றால், நேர வித்தியாசம் 1000 வினாடிக்கு மேல் இருந்தால் அது பயந்து ஓட்டத்தையே நிறுத்திவிடும். முதல் முறை எவ்வளவு வித்தியாசம் இருந்தாலும் ஏற்றுக்கொள் என்று தொடக்கத்தில் சொல்லி வைக்க வேண்டும். இதற்கு ஒரு சனிக்கிழமை முழுதும் போனது எனக்கு.

2023 ஜூன் 11

சரி, கடிகாரம் முடிந்தது. இனி சான்றிதழ். தானே கையெழுத்துப் போட்டுக்கொள்வது ஒரு சுவிட்சுக்குப் பரவாயில்லை. 11 சுவிட்ச், நாலு லேப்டாப் என்றால் 44 முறை 'தெரியும், உள்ளே போ' என்று அழுத்த வேண்டும். அழுத்தி அழுத்தி, நிஜமாகவே யாராவது நடுவில் உட்கார்ந்து போலிச் சான்றிதழைக் காட்டினாலும் அதே கை அதே பட்டனை அழுத்தும். அதனால் சொந்தமாக ஒரு சிஏ, அதாவது சான்றிதழ்களுக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரி. பழைய லேப்டாப்பில் ஓப்பன்எஸ்எஸ்எல், சான்றிதழ் செய்யும் இலவச நிரல். வேர்ச் சான்றிதழ் ஒன்று, அதை நாலு லேப்டாப்பிலும் ஒரு முறை ஏற்றினால் முடிந்தது. எங்கள் ஃபயர்பாக்ஸ் தனக்கென்று தனிப்பட்டியல் வைத்திருந்தது, அதற்கும் ஒரு தடவை காட்ட வேண்டியிருந்தது.

ஒவ்வொரு சுவிட்சிலும் நடப்பது இதுதான். சுவிட்சுக்குள் சாவி ஜோடி (ரகசியமாக ஒன்று, ஊருக்குக் காட்ட ஒன்று) உண்டாக்கு, ஆர்எஸ்ஏ வகை, 2048 பிட். சின்ன சுவிட்சின் மூளைக்கு இது மலையைத் தூக்கும் வேலை, பக்கம் உறைந்தது போலத் தெரியும், கை வைக்காதே. அப்புறம் சிஎஸ்ஆர் எடு, அதாவது கையெழுத்துக்கான விண்ணப்பம். லேப்டாப்பில் கையெழுத்துப் போடு. சுவிட்சில் கொண்டுபோய் ஒட்டு. ஒட்டும்போது 'பிகின் சர்டிபிகேட்' என்ற வரி, அதன் இரு பக்கமும் உள்ள ஐந்து ஐந்து கோடுகள், கடைசி வரி, எல்லாம் வேண்டும். ஒரு கோடு விட்டாலும் 'தவறான வடிவம்' என்று சொல்லுமே தவிர எது தவறு என்று சொல்லாது.

எங்கள் சுவிட்சுகளுக்கு நான் வைத்த பெயர்கள் மிளகு, சீரகம், வெந்தயம், கடுகு, இப்படி. மிளகு மிளகாய் அரைக்கும் கூடத்தில் இருக்கிறது. அங்கே விசிறி உள்ள சுவிட்ச் வைத்தால் ஆறு மாதத்தில் விசிறி சிவந்து நின்றுவிடும். விசிறி இல்லாததுதான் வைக்க வேண்டும். ஆள் போனால் தும்மல். இந்த வேலையில் பாதியைத் தும்மிக்கொண்டே செய்தேன்.

வெந்தயத்தில் ஒரு கூத்து. இரவு ஏழரைக்குச் சாவி உண்டாக்கி, சிஎஸ்ஆர் எடுத்து, பென்டிரைவில் போட்டுக்கொண்டு மேலே லேப்டாப்புக்குப் போனேன். எட்டு மணிக் கட்டு மறந்துபோச்சு. பத்து மணிக்குக் கரண்ட் வந்தது, கையெழுத்திட்ட சான்றிதழை ஒட்டினால் 'சாவியோடு பொருந்தவில்லை'. அரை மணி நேரம் லேப்டாப்பைத் திட்டினேன். சேமிக்காத சாவி இருட்டிலேயே போய்விட்டது. சுவிட்ச் எழுந்ததும் புதுச் சாவி செய்துகொண்டது. என் கையில் இருந்தது இல்லாத பூட்டுக்கான சாவிக் கொத்து. தம்பிக்கு மே 19-ல் நான் கொடுத்த அதே உபதேசம்.

2023 ஜூன் 12

நேற்று எழுதியதில் விட்டுப்போனது, முக்கியமானது. சுவிட்சின் பெயரை 'காமன் நேம்' கட்டத்தில் மட்டும் போட்டால் குரோம் ஏற்காது. 2017-ல் வந்த குரோம் 58-லிருந்து மாற்றுப்பெயர்ப் பட்டியலை மட்டும்தான் பார்க்கிறது. பல சுவிட்சுகளின் சிஎஸ்ஆர் பக்கத்தில் மாற்றுப்பெயருக்குக் கட்டமே இல்லை. பரவாயில்லை, கையெழுத்துப் போடும்போது லேப்டாப் பக்கம் சேர்த்துக்கொள்ளலாம்.

நீங்கள் 192.168.10.2 என்று ஐபியால் உள்ளே போகிறவர் என்றால் அதை ஐபி என்ற வகையில் சேர்க்க வேண்டும். டிஎன்எஸ் என்ற வகையில் அந்த எண்ணை எழுதினால் கண்ணுக்கு ஒன்று போலத்தான் தெரியும், பிரவுசர் தள்ளிவிடும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். 11 சுவிட்ச். பதினொன்றும்.

2023 ஜூலை 10

முதலாளி புதிதாக மேக்புக் வாங்கியிருக்கிறார். சுவிட்சுக்குள் அவருக்கு ஒரு வேலையும் இல்லை, ஆனால் பார்க்க வேண்டுமாம். வேர்ச் சான்றிதழை ஏற்றிக் கொடுத்தேன். மற்ற லேப்டாப்புகளில் பச்சை, அவருடையதில் சிவப்பு.

காரணம் என் பேராசை. சுவிட்ச் சான்றிதழ்களுக்கு 10 வருடம் போட்டிருந்தேன், ஓய்வு பெறும்வரை தொல்லை இருக்காதென்று. 2019 ஜூலை 1-க்குப் பிறகு கொடுத்த சான்றிதழ் 825 நாளுக்கு மேல் என்றால் ஆப்பிள் ஏற்காது, சொந்த சிஏ ஆனாலும் சரி. எல்லோரும் சொல்கிற 398 நாள் கணக்கு வேறு. அது பொது சிஏக்களுக்கு.

இன்று எல்லாவற்றுக்கும் புதிதாக, 800 நாள். மறுபடி தும்மல்.

2023 ஜூலை 11

800 நாள் என்றால் 2025 செப்டம்பர் 17. எங்கே குறித்து வைப்பது? போன், மெயில் எல்லாம் வேலை மாறினால் போய்விடும். எங்கள் வீட்டில் ஊரிலிருந்து வருகிற தினக்காலண்டர் உண்டு, நான் முக்கியமான தேதிகளை அந்தந்தத் தாளில்தான் எழுதி வைப்பேன். 2025 காலண்டர் இன்னும் அச்சாகவே இல்லையே. ரேக்கின் கதவு உள்பக்கத்தில் சாக்பீஸால் எழுதிவிட்டேன்.

சிஏ சாவியின் ரகசியச் சொற்றொடரையும் ஒருமுறை காலண்டர் தாளின் பின்னால் எழுதி வைத்தேன். மறுநாள் காலை என் மனைவி வழக்கம்போல முந்தின நாள் தாளைக் கிழித்து, அதில் பொரிகடலை மடித்துப் பையனிடம் கொடுத்துவிட்டாள். பள்ளி வேனைத் துரத்திப் பிடித்த ஒரே நெட்வொர்க் எஞ்சினியர் நான்தான்.

அந்தக் காலண்டரில் இன்னொரு வேடிக்கை. ராகுகாலம் சூரிய உதயத்தை வைத்துக் கணக்கிடுவது. சென்னைக்கு அச்சடித்ததை ஜோஹன்னஸ்பர்க்கில் மாட்டிவைத்துத் திங்கள் ஏழரைக்கு வண்டி எடுக்காமல் நிற்கிறோம். ஜூலையில் இங்கே சூரியனே ஏழு மணியை ஒட்டித்தான்.

2023 ஆகஸ்ட் 16

சுவிட்சுக்குச் சம்பந்தமில்லாதது, பிடிக்காதவர்கள் தாண்டிப்போகலாம். கிடங்கில் என்னோடு வேலை செய்கிற பெரியவரின் கொள்ளுத்தாத்தா நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தத்தில் வந்தவர். அப்படி ஒப்பந்தத்தில் ஆட்களை ஏற்றிய முதல் கப்பல் டிரூரோ மதராஸிலிருந்து நேட்டாலின் துறைமுகமான டர்பனுக்கு வந்தது 1860 நவம்பர் 16. இவர் கொள்ளுத்தாத்தா அதற்கும் கொஞ்ச காலம் கழித்து. பெரியவருக்குத் தமிழ் முப்பது நாற்பது சொல்தான் மிச்சம், பாதி சாப்பாட்டுச் சொல். நான் சான்றிதழ், செல்லுபடி, புதுப்பித்தல் என்று போனில் கத்திக்கொண்டிருந்ததைக் கேட்டு என்னவென்று கேட்டார். விளக்கினேன். 'எங்கள் தாத்தாவும் அப்படித்தான். நம்பர் உண்டு. ஐந்து வருடம் வேலிடிட்டி. முடிந்தால் ரின்யூ பண்ணு, இல்லாவிட்டால் கப்பல் ஏறு' என்றார்.

1895 சட்டத்தில், புதுப்பிக்கவும் மாட்டேன், திரும்பவும் மாட்டேன் என்று நேட்டாலில் இருப்பவனுக்கு வருடம் மூன்று பவுண்டு வரி. காலாவதி அபராதம்!

இன்று ஆகஸ்ட் 16 ஆனதால் இதை எழுதினேன். 1908-ல் இதே தேதியில் ஜோஹன்னஸ்பர்க் ஹமீதியா மசூதிக்கு வெளியே, டிரான்ஸ்வால் அரசு இந்தியர்களுக்குக் கொடுத்த பதிவுச் சான்றிதழ்களை இரண்டாயிரத்துக்கும் மேல் ஒரு பெரிய இரும்புச் சட்டியில் போட்டு எரித்தார்கள், காந்தி முன்னால் நிற்க. மசூதியின் எதிரே அந்தச் சட்டியின் நினைவாக ஒன்று வைத்திருக்கிறார்கள். நகரத்துக்குக் கேபிள் வாங்கப் போகும்போது பார்ப்பேன். சான்றிதழை ரத்து செய்வதில் அதற்கு மேல் யாரும் செய்துவிட முடியாது.

2023 செப்டம்பர் 24

டர்பனிலிருந்து ஒருவர்: பழைய சிஸ்கோ சுவிட்ச், சான்றிதழின் முடிவுத் தேதி 2020 ஜனவரி 1, எப்போது உண்டாக்கியிருந்தாலும் அதே தேதிதானாம்.

இது கரண்டால் வந்ததில்லை, ஊரறிந்த விஷயம். சிஸ்கோவே 2019 கடைசியில் அறிவித்தது. பழைய ஐஓஎஸ் (சிஸ்கோ பெட்டிகளின் மென்பொருள், ஐபோனுடையது இல்லை) தானே கையெழுத்திட்டுக்கொள்ளும் சான்றிதழ்களில் முடிவுத் தேதியை 2020 ஜனவரி 1, யுடிசி, அதாவது உலகப் பொது நேரம், 0 மணி என்று மென்பொருளிலேயே எழுதி வைத்திருந்தார்கள். நமக்கு அதிகாலை 2 மணி. அதற்குப் பிறகு அந்தப் பதிப்புகளில் புதிதாகத் தானே உண்டாக்கிக்கொள்ளவும் முடியாது. மென்பொருளை மேம்படுத்துங்கள், முடியாத வயதான பெட்டி என்றால் வெளியே ஓப்பன்எஸ்எஸ்எல்லில் சான்றிதழும் சாவியும் செய்து பிகேசிஎஸ்12 பொட்டலமாக உள்ளே ஏற்றுங்கள். அதுவரை எஸ்எஸ்ஹெச் (பிரவுசர் இல்லாமல் கட்டளை தட்டி உள்ளே போகும் பாதுகாப்பான வழி) வழியாகப் போங்கள், அந்த சாவிகளுக்கு முடிவுத் தேதி கிடையாது.

2023 நவம்பர் 21

சீரகம் போய்விட்டது. ஞாயிறு மாலை இடி. ஜோஹன்னஸ்பர்க்கில் நவம்பர் இடி என்றால் வெறும் சத்தம் இல்லை. வெளிக் கேமராவுக்குப் போன செம்புக் கேபிள் வழியாக வந்து எட்டு போர்ட்டை வரிசையாகக் கருக்கிவிட்டது. மஞ்சள்தூள் படிந்த மூடியைத் திறந்தால் எரிந்த வாசனையோடு கறிமணம் கலந்து வந்தது. பசித்தது, என்ன செய்ய.

புது சுவிட்ச் மாட்டி, புதுச் சாவி, புதுச் சான்றிதழ், இன்றிலிருந்து 800 நாள். வெளிக் கேமராவுக்கு இனி ஃபைபர்.

2024 ஜனவரி 30

தம்பி திரும்பி வந்திருக்கிறான். புதுச் சான்றிதழ் உண்டாக்கினானாம், 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று பிரவுசர் சொன்னதாம், மதியம் சாப்பிட்டு வந்து பார்த்தால் தானாகச் சரியாகிவிட்டதாம். பேய் என்கிறான்.

பேயின் வயது இரண்டு மணி நேரம். சுவிட்சில் கடிகாரத்தைக் கையால் நம் ஊர் நேரத்துக்கு வைத்திருக்கிறாய், நேர மண்டலத்தை வைக்கவில்லை. பத்து மணி என்றால் சுவிட்ச் அதை யுடிசி பத்து என்று எடுத்துக்கொண்டது. உண்மையில் அப்போது யுடிசி எட்டு. சான்றிதழ் 'யுடிசி பத்திலிருந்து செல்லும்' என்று எழுதிக்கொண்டது. நீ சாப்பிடப் போனபோது உலகம் அதை எட்டிப் பிடித்துவிட்டது. மண்டலத்தைக் கூட்டல் 2 என்று வை. இந்த ஊரில் கோடைக்கு ஒன்று குளிருக்கு ஒன்று என்று நேரம் மாற்றுவதில்லை, ஒரு தடவை வைத்தால் போதும்.

நம் காலண்டரின் ராகுகாலம் மாதிரியேதான்.

2024 ஜனவரி 31

கேட்டிருந்தார்கள்: முழுதாகச் சிவந்து 'உள்ளே போ' பட்டனே இல்லாத பக்கம் ஏன் வருகிறது? உங்கள் கம்பெனியின் வெப்சைட் எச்எஸ்டிஎஸ்ஸை ('பாதுகாப்பான இணைப்பு இல்லாமல் என்னைத் திறக்காதே' என்று பிரவுசருக்குச் சொல்லும் கட்டளை) துணைப்பெயர்களுக்கும் சேர்த்து அறிவித்திருந்தால், அதே பெயருக்குக் கீழே வைத்த சுவிட்சுக்கும் அது பொருந்தும், பட்டன் மறைந்துவிடும். குரோமில் அந்தப் பக்கத்திலேயே 'திஸ்இஸ்அன்சேஃப்' என்று இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் தட்டினால் திறக்கும். கட்டம் எதுவும் தெரியாது, வெறுமனே தட்ட வேண்டும். மந்திரம் கற்றுக்கொடுத்துவிட்டேன், தினமும் ஜபிக்கிற நிலை வந்தால் சான்றிதழைப் பாருங்கள்.

2024 மே 5

மார்ச் கடைசியிலிருந்து லோட் ஷெட்டிங் இல்லை. ராத்திரி விளக்கு எரிவதையே சந்தேகமாகப் பார்க்கிறோம்.

இந்த ஓய்வில் இன்னொன்றை மாற்றிக்கொண்டேன். சாவி சுவிட்சை விட்டு வெளியே வரவே கூடாது என்று போன வருடம் இங்கே ஒருவரோடு சண்டை போட்டிருக்கிறேன். கொள்கை சரிதான். ஆனால் 11 பெட்டியில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து சிஎஸ்ஆர் எடுப்பவன் அடுத்த முறை தள்ளிப்போடுவான், அந்த ஆள் நான்தான். இப்போது லேப்டாப்பில் ஒரு ஸ்கிரிப்ட் சாவியும் சான்றிதழும் சேர்த்துச் செய்து, எஸ்எஸ்ஹெச் வழியாகத் தள்ளி, சேமித்து, லேப்டாப்பிலிருந்து சாவியை அழித்துவிடுகிறது. சண்டை போட்டவர் படித்துக்கொண்டிருந்தால்: சரி, நீங்கள் சொன்னதுதான்.

அழித்துவிடுகிறது என்றேன். குப்பைத்தொட்டிக்குப் போய் உட்கார்ந்திருந்ததை இரண்டு வாரம் கழித்துப் பார்த்தேன். இப்போது நிஜமாகவே அழிக்கிறது.

2025 பிப்ரவரி 1

நேற்று மாலை ஸ்டேஜ் 3. பத்து மாதத்துக்குப் பிறகு. யுபிஎஸ்ஸுக்குப் புதுப் பேட்டரி போட வேண்டும் என்று 2023-ல் இங்கேயே புலம்பியவன் போட்டேனா? இல்லை. கரண்ட் வந்ததும் பை முதலில் எழுந்தது, சுவிட்சுகள் அதைக் கேட்டன, பதினொன்றும் சரியான நேரத்தில். பட்டன் பேட்டரிக்கு ஒரு கும்பிடு.

2025 ஏப்ரல் 20

47 நாள் செய்தி படித்துப் பயந்து ஐந்து பேர் எழுதியிருக்கிறார்கள். பொது சிஏக்களும் பிரவுசர் கம்பெனிகளும் சேர்ந்து இந்த மாதம் ஓட்டுப் போட்டு முடிவு செய்தது, ஒரு சான்றிதழின் அதிகபட்ச ஆயுள்: 2026 மார்ச் 15-லிருந்து 200 நாள், 2027 மார்ச் 15-லிருந்து 100, 2029 மார்ச் 15-லிருந்து 47. இது பிரவுசர்கள் முன்கூட்டியே நம்புகிற பொது சிஏக்கள் கொடுக்கும் சான்றிதழ்களுக்கு. கிடங்குக்குள் சொந்த சிஏ வைத்திருப்பவர்களை இது தொடாது. சுவிட்சுக்குப் பொதுச் சான்றிதழ் வாங்கி ஒட்டுகிறவர்கள்தான் கவலைப்பட வேண்டும். 47 நாளுக்கு ஒரு முறை மிளகாய்க் கூடத்துக்குப் போக யாராலும் முடியாது.

2025 ஆகஸ்ட் 18

செப்டம்பர் 17-க்கு ஒரு மாதம் முன்னாலேயே ஸ்கிரிப்டை ஓட்டினேன். இந்த வருடக் காலண்டரில் இன்றைய தாளில் எழுதி வைத்திருந்தேன், ரேக் கதவின் சாக்பீஸ் எழுத்து எப்போதோ மசாலாப் பொடியோடு போய்விட்டது. நாலு நிமிஷத்தில் முடிந்தது. தும்மலே இல்லை.

2025 ஆகஸ்ட் 18, இரவு

முடியவில்லை. பத்துதான் புதுப்பித்திருக்கிறது. ஸ்கிரிப்ட் செப்டம்பர் 17-ல் முடிகிறவற்றை மட்டும் எடுத்தது. இடியில் போன சீரகத்துக்குப் பதிலாக வந்தது 2023 நவம்பர் 21-ல் பிறந்தது, அதற்கு 2026 ஜனவரி 29. ஸ்கிரிப்டில் தேதியை எண்ணிக்கையாக மாற்றலாம்தான், 60 நாளுக்குள் முடிகிற எதுவானாலும் எடு என்று. இந்த வாரம் செய்கிறேன். அதுவரை எங்கே குறித்து வைப்பது என்று தெரியவில்லை, 2026 காலண்டர் ஊரிலிருந்து வர டிசம்பர் ஆகும்.